பன்றிக் கொட்டகையும் காற்றின் போக்கும்: சேலம், ஏற்காடு பகுதி வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் சுற்றுவட்டாரத்தில் வெண்பன்றி வளர்ப்பவர்கள் தீவனம் பற்றியும் குட்டி விலை பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். காற்றைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் கொட்டகையைக் கட்டி முடித்து, முதல் சித்திரை வெயிலோ முதல் கார்த்திகை மழையோ வந்த பிறகுதான் எழுகிறது. ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கமும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மலைக்கும் சமவெளிக்கும் பதில் மாறினால் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

சேலத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது?

வருடம் முழுக்க ஒரே பக்கமிருந்து வீசுவதில்லை. கொட்டகை கட்டுவதில் இருக்கும் சிக்கலே அதுதான். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து கோயம்புத்தூர், ஈரோடு தாண்டி வருவதால் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வேகமாக அடிக்கும். அம்மியும் பறக்கும் என்கிற ஆடிக்காற்று இதுதான். ஐப்பசியில் காற்று அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பும். தை வரை வடகிழக்கிலிருந்து மழை, ஈரம், குளிர் மூன்றும் சேர்ந்து வரும். மாசிக்குப் பிறகு மெல்லத் தெற்கு, தென்கிழக்குப் பக்கம் போகும். பங்குனி, சித்திரையில் காற்று மெலிந்து, பல மதியங்களில் வேப்பிலைகூட அசையாது.

இது பொதுவான கணக்கு. சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கே சேர்வராயன். ஒரு மலையின் மறைவில் இருக்கும் பண்ணைக்கு வரும் காற்றும், இரண்டு கரடுகளுக்கு நடுவே இருக்கும் பண்ணைக்கு வரும் காற்றும் வேறு வேறு. மலையடிவாரத்தில் இன்னொன்றும் உண்டு. பகலில் சரிவு சூடாகிக் காற்று மேலே ஏறும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று சரிவு வழியாகக் கீழே இறங்கும். ஆகவே இடம் வாங்கியதும் ஒரு கம்பை நட்டு, நுனியில் ஒரு துணி நாடா கட்டிவிடுங்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் எந்தப் பக்கம் பறக்கிறது என்று குறித்து வையுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வாரம் பார்த்தால் போதும். அக்கம்பக்கத்தில் நாற்பது வருடமாக விவசாயம் பார்க்கிற பெரியவர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள், பாதி விஷயம் அவர் வாயிலேயே கிடைத்துவிடும்.

கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டு என்கிறார்கள். காற்றோ மேற்கிலிருந்து வருகிறது. அப்படியானால் எப்படிக் கட்டுவது?

நல்ல கேள்வி. கிழக்கு மேற்கு நீளம் என்பது வெயிலுக்காகச் சொல்லப்பட்டது. அப்படிக் கட்டினால் சாயங்கால வெயில் குறுகிய மேற்குச் சுவரில் மட்டும் விழும், நீளப் பக்கங்கள் தப்பிக்கும். ஆனால் சரியாக மேற்கிலிருந்து வரும் காற்று அந்தக் குறுகிய சுவரில் மோதி, கொட்டகையின் இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும், உள்ளே குறைவாகத்தான் வரும்.

இருந்தாலும் நான் வெயிலுக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். காரணம் எளிது. பன்றி தவிக்கும் மாதங்கள் பங்குனியும் சித்திரையும். அந்த மாதங்களில் வரும் கொஞ்சக் காற்று தெற்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது, அதற்குத் தெற்குப் பார்த்த நீளச்சுவர் சரியாகவே பொருந்துகிறது. ஆடியில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை, சாய்வாக வந்தாலும் வேண்டிய அளவு உள்ளே வரும்.

இடம் அனுமதித்தால் ஒரு சின்னத் திருத்தம் செய்யலாம். கொட்டகையின் மேற்கு முனையை 15 பாகை அளவுக்கு வடக்குப் பக்கமாகத் தள்ளி வையுங்கள். அப்போது தெற்குச் சுவர் சற்றே தென்மேற்கைப் பார்க்கும், தென்மேற்குக் காற்று முன்னைவிட நேராக வந்து நுழையும். வெயிலுக்கும் இது கெடுதல் இல்லை. சேலம் இருக்கும் அட்சரேகையில் மே மாதம் சாயங்காலம் 4 மணிக்குச் சூரியன் நேர் மேற்கில் நிற்பதில்லை, 16 பாகை அளவுக்கு வடக்கே தள்ளி நிற்கிறது. திருப்பிய கொட்டகையின் குறுகிய சுவர் அந்தச் சூரியனையே நேராகப் பார்க்கும், நீளப் பக்கத்தில் வெயில் ஏறாது. எதிர்ப்பக்கம் என்ன ஆகும் என்றால், வடக்குச் சுவர் வடகிழக்குக் காற்றை முழுதாக வாங்கும். அந்தப் பக்கத்துக்குக் கட்டாயம் படுதா வேண்டும். படுதாவுக்குப் பணம் ஒதுக்காமல் கொட்டகையைத் திருப்பாதீர்கள்.

கொட்டகைக்கு வெளியே காற்று நன்றாக வீசுகிறது. உள்ளே பன்றிகள் மட்டும் வாயைத் திறந்து இளைக்கின்றன. ஏன்?

அரைச்சுவரைப் பாருங்கள். பெரும்பாலான கொட்டகைகளில் மூன்று, நான்கு அடி உயரத்துக்குச் செங்கல் சுவர், அதற்கு மேலே திறப்பு. அங்கே நிற்கிற மனிதரின் முகத்தில் காற்று படும். பன்றி படுத்திருப்பது தரையில். சுவரைத் தாண்டி வரும் காற்று அதன் முதுகுக்கு மேலேயே போய்விடும், கீழே பழைய காற்று சூடாக நிற்கும். உள்ளே போனதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். கன்னத்தில் காற்று படவில்லை என்றால் பன்றிக்கும் படவில்லை.

வளரும் பன்றி, கொழுத்த பன்றி இருக்கும் அறைகளில் அரைச்சுவருக்குப் பதிலாக இரும்புக் குழாய்த் தடுப்பு வைப்பது நல்லது. ஏற்கெனவே சுவர் கட்டியாயிற்று என்றால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அங்கங்கே செங்கல்லை எடுத்து ஜாலி மாதிரி விட்டுவிடலாம். ஐப்பசி பிறந்ததும் அந்த ஓட்டைகளைப் பலகை வைத்து அடைத்துக்கொள்ளலாம். அறைக்கும் அறைக்கும் நடுவே இருக்கும் சுவர்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. காற்றுப் பாதைக்குக் குறுக்கே வரிசையாக நாலு கட்டிச்சுவர் இருந்தால் முதல் அறைப் பன்றிக்கு மட்டும்தான் காற்று. ஒரே கொட்டகையில் முதல் அறையில் பன்றிகள் நிம்மதியாகப் படுத்திருக்க, மூன்றாவது அறையில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதைப் பல பண்ணைகளில் பார்க்கலாம். தீவனமும் ஒன்றுதான், இனமும் ஒன்றுதான், நடுவில் இருக்கிற சுவர்தான் வித்தியாசம்.

திறப்பு எவ்வளவு விட வேண்டும்? அதற்குக் கணக்கு உண்டா?

உண்டு. திறப்பின் பரப்பையும் காற்றின் வேகத்தையும் பெருக்கி, காற்று நேராக அடித்தால் அதில் பாதி, சாய்வாக அடித்தால் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு காற்று உள்ளே வரும். 20 மீட்டர் நீளக் கொட்டகையில் காற்று வரும் பக்கம் 1 மீட்டர் உயரத்துக்குத் திறந்திருந்தால் திறப்பு 20 சதுர மீட்டர். காற்று நொடிக்கு 1 மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 3.6 கிலோமீட்டர்தான், மெல்லிய காற்று. நேராக அடித்தால் நொடிக்கு 10 கன மீட்டர் உள்ளே வரும். கொட்டகை 6 மீட்டர் அகலம், சராசரி 3 மீட்டர் உயரம் என்றால் உள்ளே இருப்பது 360 கன மீட்டர். அதாவது 36 நொடியில் மொத்தக் காற்றும் மாறிவிடும். சாய்வாக அடித்தால் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம், அதுவும் போதும்.

இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. எதிர்ப்பக்கமும் அதே அளவு திறந்திருக்க வேண்டும். காற்று மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடுகிறது, மறைவுப் பக்கத்தில் குறைகிறது. அந்த வித்தியாசம்தான் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. பின்பக்கம் தீவன மூட்டைகளை அடுக்கி மறைத்துவிட்டு முன்பக்கம் எவ்வளவு திறந்தாலும் பிரயோஜனம் இல்லை. அகலத்தையும் மறக்க வேண்டாம். மின்விசிறி இல்லாமல் இயற்கைக் காற்றை மட்டும் நம்பினால் 10 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு 6 முதல் 8 மீட்டர் வசதியானது.

சித்திரை வெயிலில் காற்று மட்டும் போதுமா?

போதாது. பன்றிக்கு வியர்வை என்று சொல்லும்படி எதுவும் சுரக்காது. உடம்புச் சூடு 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். மூச்சு வழியாகவும், நனைந்த தோல் வழியாகவும், குளிர்ந்த தரையில் படுத்தும்தான் அது சூட்டை இறக்குகிறது. வெளியே 38 டிகிரி இருக்கும் நாளில் காய்ந்த உடம்பின் மேல் எவ்வளவு காற்று அடித்தாலும் எடுத்துப்போகக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, காற்றே உடம்புச் சூட்டில் இருக்கிறது. தோலை நனைத்துவிட்டால் கதை மாறும். அதே காற்று தண்ணீரை ஆவியாக்கி உடம்பைக் குளிரச் செய்யும். சித்திரைக் காற்று வறண்டது, அதனால் இது அப்போது மிக நன்றாக வேலை செய்யும்.

ஒன்றிரண்டு நிமிடம் தெளித்துவிட்டு, அரை மணி நேரம் காய விடுங்கள், அப்புறம் மறுபடி தெளியுங்கள். குளிர்ச்சி கிடைப்பது காயும்போதுதான். விடாமல் தெளித்தால் கொட்டகை முழுக்க ஈரப்பதம் ஏறி எதிர்விளைவாகிவிடும். குட்டி போட்ட தாய்ப்பன்றிக்கு மேலிருந்து தெளிக்காமல் கழுத்து, தோள் பக்கம் சொட்டுச் சொட்டாக விழும்படி குழாய் வையுங்கள், குட்டிகள் நனையக்கூடாது.

வெயிலின் பாதிப்பு அன்றோடு முடிவதும் இல்லை. பால் கொடுக்கும் தாய் 25 டிகிரிக்கு மேல் போகப் போகத் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், பால் குறையும், குட்டியின் எடை குறையும். ஆண் பன்றிக்குச் சித்திரையில் பட்ட சூடு நாலைந்து வாரம் கழித்து விந்தின் தரத்தில் தெரியும். ஆனியில் சினை பிடிக்கவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது சித்திரையில் அந்தக் கிடா எங்கே கட்டியிருந்தது என்பதைத்தான்.

காற்று எதன் மேல் வந்து நுழைகிறது என்பதும் முக்கியம். கொட்டகைக்குத் தெற்கே வெறும் பாறையும் சரளையும் இருந்தால் உள்ளே வருவது அனல். அதே இடத்தில் பத்தடிக்குக் கோ-4 தீவனப்புல் போட்டுத் தண்ணீர் விட்டால், வரும் காற்றின் சூடு தணியும், புல்லும் கிடைக்கும்.

முகட்டில் திறப்பு வேண்டுமா?

வேண்டும். காற்றே இல்லாத நேரத்தில் சூடும் ஈரமும் மேலே ஏறி வெளியே போக அது ஒன்றுதான் வழி. 6 மீட்டர் அகலக் கொட்டகைக்குக் குறைந்தது 10 செ.மீ. அகலத்துக்கு முகடு நெடுக விட்டு, மேலே மழை விழாதபடி தொப்பி போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்த முகடு சேலத்துக்கு ஒத்துவராது. தெற்குப் பார்த்துத் திறந்தால் ஆடிக்காற்று மேலிருந்து உள்ளே குதிக்கும்; வடக்குப் பார்த்துத் திறந்தால் கார்த்திகை மழை குதிக்கும். இரண்டு பக்கமும் திறந்த தொப்பிதான் சரி.

ஆனால் ஒன்று. முகட்டுத் திறப்பு உள்ளுக்கும் வெளிக்கும் சூட்டு வித்தியாசம் இருக்கும்போதுதான் நன்றாக இழுக்கும். அந்த வித்தியாசம் குளிர்காலத்தில் அதிகம், மே மதியத்தில் மிகக் குறைவு. எனவே வெயில் காலத்துக்கு முகட்டை நம்பிப் பக்கத் திறப்பைக் குறைக்க வேண்டாம்.

பன்றிகள் படுக்கும் இடத்திலேயே சாணம் போடுகின்றன. பழக்க முடியவில்லை.

பன்றியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இயல்பிலேயே அது சுத்தமான பிராணி. படுக்கக் காய்ந்த, காற்று நேராக அடிக்காத, சுகமான இடத்தைத் தேர்ந்தெடுக்கும். ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் மூலையில் போய்ச் சாணம் போடும். அந்த மூலை எது என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. கார்த்திகையில் வடக்குச் சுவர் ஓரம் சாரலும் குளிர்காற்றும் படுவதால் அங்கே சாணம் போடும், தெற்கே படுக்கும். நீங்கள் வடக்கே படுக்கையும் தெற்கே சாக்கடையும் வைத்துக் கட்டியிருந்தால், அது தன் கணக்குப்படிதான் நடக்கும்.

வெயிலில் நேர்மாறு. தரை சுட்டால் சாணத்து ஈரத்திலேயே போய்ப் படுக்கும், சாணத்தைக் காய்ந்த இடத்தில் போடும். அழுக்கேறிய பன்றியைச் சித்திரையில் பார்த்தால், அது சூட்டில் தவிக்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள். சாணம் போடும் பக்கத்தில் தண்ணீர்க் குழாயும் குழாய்த் தடுப்பும், படுக்கும் பக்கத்தில் கட்டிச்சுவரும் காய்ந்த தரையும் இருந்தால் பழக்குவது தானாக நடக்கும். வால் கடிப்பது தொடங்கினாலும் முதலில் படுக்கும் இடத்தில் காற்று நேராக அடிக்கிறதா என்று பாருங்கள். இடநெருக்கடி, தீவனக் குறைபாடு போலவே குளிர்காற்றும் அதற்கு ஒரு காரணம்.

மார்கழிக் குளிருக்கு நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டினோம். அதிலிருந்து இருமல்.

தார்ப்பாய் கட்டியது தப்பில்லை, கட்டிய விதத்தைத்தான் மாற்ற வேண்டும். சிறுநீரில் இருக்கும் யூரியா சாணத்தோடு சேரும்போது அமோனியா உண்டாகிறது. காற்றோட்டம் இல்லையென்றால் அது தரைமட்டத்தில், அதாவது பன்றியின் மூக்கு இருக்கும் உயரத்தில், சேர்ந்துகொண்டே போகும். 10 பிபிஎம்முக்குள் (காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்குக்குள்) இருந்தால் நல்லது, 25 தாண்டக்கூடாது. மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்களை அமோனியா கெடுத்துவிடும். பிறகு சாதாரணமாகத் தங்கிப்போகும் கிருமிகூட நிமோனியாவாக மாறும். நாள்முழுக்க உள்ளேயே வேலை செய்பவரின் மூக்கு பழகிவிடும், அவருக்குத் தெரியாது. காலையில் வெளியிலிருந்து வரும் ஒருவரைக் கூப்பிட்டுக் குனிந்து நிற்கச் சொல்லுங்கள். கண் எரிகிறது என்று அவர் சொன்னால், அளவு ஏற்கெனவே கூடிவிட்டது.

நம் பக்கம் பெரும்பாலும் தார்ப்பாயை மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டு, தேவைப்படும்போது கீழிருந்து சுருட்டுகிறார்கள். இதில் திறப்பு கீழே வருகிறது. குளிர்காற்று நேராகப் படுத்திருக்கும் பன்றி மேல் பாயும். மேலே சூடும் ஈரமும் அமோனியாவும் போக வழியில்லாமல் நிற்கும். இதை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். படுதாவின் கீழ் ஓரத்தை அரைச்சுவரில் பொருத்தி, மேல் ஓரத்தைக் கயிறும் கப்பியும் வைத்து மேலே இழுக்கும்படி செய்யுங்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் மேலே ஒரு அடி திறந்தே இருக்கட்டும். வெளிக்காற்று உயரத்தில் நுழைந்து உள்ளே இருக்கும் சூட்டோடு கலந்து மெதுவாகக் கீழே வரும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஆகும் செலவு கயிறும் கப்பியும்தான். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த மாதங்களில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். சாணத்தை வழித்து அள்ளி, மேலே கொஞ்சம் உமியோ மரத்தூளோ தூவினால் தரை காய்ந்திருக்கும்.

பிறந்த குட்டிகளுக்கு எவ்வளவு காற்று ஆகும்?

நேராக அடிக்கும் காற்று ஆகவே ஆகாது. பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வேண்டும், தாய்க்கு 18 முதல் 22 போதும். ஒரே அறையில் இரண்டையும் கொடுக்க முடியாது என்பதால்தான் குட்டிக்குத் தனிப் பெட்டி. காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டி, மூன்று பக்கமும் மேலேயும் மூடி, வாசலில் கோணிச்சாக்குக் கீற்றுகளைத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு பல்பு போடுங்கள்.

நொடிக்கு 0.2 மீட்டர் வேகம் என்பது நம் கைக்கு உறைக்காத காற்று. சின்னக் குட்டிக்கு அது 4 டிகிரி குறைந்த மாதிரி. ஈரத் தரை 5 முதல் 10 டிகிரி வரை குறைக்கும். வைக்கோல் படுக்கை 4 டிகிரி கூட்டும். சுவரில் மாட்டிய வெப்பமானி 30 காட்டினாலும், ஈரத் தரையில் காற்றுக்கு எதிரே படுத்திருக்கும் குட்டிக்கு அது 16 முதல் 21 வரைதான். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது. பல்பை விட்டு விலகி மூலைக்கு மூலை கிடந்தால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில், ஆனால் மேலே ஏறாமல் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது.

காற்று எங்கே போகிறது என்று கருவி இல்லாமல் பார்ப்பது எப்படி?

ஊதுபத்தி போதும். பன்றியின் உயரத்தில் பிடித்துப் புகை போகும் வழியைப் பாருங்கள். நேராக மேலே எழுந்தால் காற்று நிற்கிறது. படுத்தபடி ஓடினால், அது குட்டி அறையாக இருந்தால் உடனே அடைக்க வேண்டிய இடம், கொழுத்த பன்றி அறையாக இருந்தால் மே மாதத்தில் சந்தோஷப்பட வேண்டிய இடம். வைக்கோல் பக்கத்தில் நெருப்பு வேண்டாம், அங்கே நூலில் கட்டிய மெல்லிய பிளாஸ்டிக் கீற்று போதும். வானிலை அறிக்கையில் வரும் காற்று வேகம் 10 மீட்டர் உயரத்தில் அளந்தது, அதை வைத்துக் கொட்டகைக்குள் இருப்பதைக் கணிக்க வேண்டாம்.

ஏற்காட்டில்தான் எப்போதும் குளிர்ச்சியாயிற்றே, அங்கே என்ன பிரச்சினை?

வேறு பிரச்சினை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலத்தைவிட 8 டிகிரி அளவுக்குக் குறைவாக இருக்கும். சேலத்தில் பன்றி தவிக்கும் மே மாதத்தில் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் வளரும் பன்றிக்குச் சொர்க்கம். ஆனால் மலையில் இரண்டு பருவமழையும் சேரும், மார்கழி, தையில் மூடுபனி காலை வெகுநேரம் வரை விலகாது. அந்த ஈரக்காற்று எவ்வளவு வந்தாலும் தரை காயாது. காயாத தரை, குறைந்த வெப்பம், சரிவில் வேகமெடுக்கும் காற்று மூன்றும் சேர்ந்தால் குட்டிக்கு ஆபத்து. அங்கே ஆழமான படுக்கை, அதாவது ஒரு முழம் வரை உமியோ மரத்தூளோ போட்டு அடிக்கடி கிளறிவிடுவது, வெறும் சிமென்ட் தரையைவிட நல்லது.

இடத் தேர்வுதான் மலையில் பாதி வேலை. மலை முகட்டு உச்சியில் காற்று வேகம் கூடுதல், கூரையே நிற்காது. பள்ளத்தின் அடியில் இரவில் இறங்கும் குளிர்காற்றும் பனியும் தேங்கி நிற்கும். நடுச்சரிவில், தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் மறைவு வடகிழக்கே இருக்கும்படி கிடைத்தால் நல்லது. மலையில் இடத்தைச் சமப்படுத்த மண்ணை வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த வெட்டிய மண் சுவருக்கு ஒட்டிக் கொட்டகையைக் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் காற்றும் வராது, மழையில் ஊற்றுத் தண்ணீர் சுவரில் கசியும். குறைந்தது கொட்டகையின் உயரம் அளவுக்காவது இடைவெளி விட்டு, நடுவில் வாய்க்கால் எடுங்கள்.

மரம் வைக்கலாமா? எந்தப் பக்கம்?

மேற்கே நிழலுக்கு வேம்பும் புங்கனும் வையுங்கள், ஆனால் கூரை விளிம்பு உயரம் வரை கிளைகளைக் கழித்துவிடுங்கள். காற்று அடியில் நுழைய வேண்டும், நிழல் மேலே விழ வேண்டும். தெற்கே காற்றை மறிக்கும்படி எதுவும் வேண்டாம். வடகிழக்கே அடர்த்தியாகக் கிளுவை வேலியோ சவுக்கோ அகத்தியோ போடலாம். கட்டிச்சுவரைவிட உயிர்வேலி மேல். பாதிக் காற்றை வடிகட்டி விடுவதால் அதன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரத்துக்கு வேகம் தணிந்திருக்கும். கட்டிச்சுவரைத் தாண்டிக் குதிக்கும் காற்று மறுபக்கம் சுழலாக விழும், அது சில நேரம் இன்னும் மோசம்.

இரண்டாவது கொட்டகையை எவ்வளவு தள்ளிக் கட்டுவது?

முதல் கொட்டகையின் உயரத்தைப்போல ஐந்து மடங்கு. 4 மீட்டர் உயரம் என்றால் 20 மீட்டர். இடம் இல்லாவிட்டால் ஒன்றின் பின்னால் ஒன்றாக வைக்காமல், காற்றுப் பாதையில் கொஞ்சம் விலகியபடி மாற்றி மாற்றி வையுங்கள். குட்டிக் கொட்டகை காற்று வரும் பக்கம், விற்பனைக்கு நிற்கும் பன்றிகளும் நோய்வாய்ப்பட்டவையும் கடைசியில்.

நாற்றம் அடிக்கிறது என்று ஊரில் சண்டை. சாணக் குழியை எங்கே வைப்பது?

மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் காற்று நாற்றத்தைக் கிழக்கும் வடகிழக்கும் கொண்டுபோகும், வடகிழக்குக் காற்று தென்மேற்கே, கோடைத் தென்றல் வடக்கும் வடமேற்கும். மிச்சம் இருப்பது தென்கிழக்கு. வீடுகள் பண்ணைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தால் தொல்லை குறைவு. ஆனால் புகார் அதிகம் வருவது காற்று அடிக்கும் நேரத்தில் இல்லை. பொழுது சாய்ந்து காற்று நின்ற பிறகும் விடியற்காலையிலும்தான் வரும். அப்போது குளிர்ந்த காற்று தரையோடு ஒட்டி, கலைந்து போகாமல், சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே மெதுவாக ஊர்ந்து போகும். மலையிலும் அடிவாரத்திலும் உங்களுக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. குழியைச் சாயங்காலம் கிளறாதீர்கள். வெயில் ஏறிக் காற்று மேலே எழும் முற்பகலில் கிளறுங்கள்.

பக்கத்துப் பண்ணை நோய் காற்றில் வருமா?

சில நோய்கள் வரும். கோமாரி வந்த பன்றி மூச்சுக்காற்றில் மாட்டைவிடப் பல மடங்கு வைரஸை வெளியே விடும், ஈரமான குளிர்ந்த காற்றில் அது தூரம் போகும். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி தரும் நிமோனியாவும் பண்ணைக்குப் பண்ணை காற்றில் பரவக்கூடியது. 2020 முதல் இந்தியாவில் இருக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குக் காற்று முக்கிய வழி இல்லை. அது பன்றி, இறைச்சி, மிச்ச உணவு, வண்டிச் சக்கரம், செருப்பு வழியாக வருகிறது, மலையில் காட்டுப்பன்றி வழியாகவும் வரலாம். ஓட்டல் மிச்சம் போடுபவர்கள் ஒரு மணி நேரம் கிளறிக் கிளறிக் கொதிக்க வைத்துப் போடுங்கள். இந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசியும் நம்மிடம் கிடையாது, மருந்தும் கிடையாது.

கோடை மழையில் கூரை பறந்துவிட்டது. பக்கத்துக் கொட்டகை தப்பித்தது. எப்படி?

சூறைக்காற்று வரும் பக்கம் திறந்திருந்து எதிர்ப்பக்கம் மூடியிருந்தால், உள்ளே நுழைந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையைக் கீழிருந்து தள்ளும். அதே நேரத்தில் கூரைக்கு மேலே ஓடும் காற்று மேல்நோக்கி இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் தகரம் நிற்காது. மேகம் கறுத்ததும் காற்று வரும் பக்கப் படுதாவை மூடி, மறைவுப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். ஷீட்டுகளை ஜே போல்ட் போட்டு இரும்புச் சட்டத்தோடு முடுக்குங்கள், விளிம்பு வரிசைக்கு இரண்டு பங்கு போல்ட் போடுங்கள். விளிம்பில்தான் இழுப்பு அதிகம்.

மின்விசிறி போட்டால் இந்தக் கவலையெல்லாம் தீருமா?

காற்று நிற்கும் சித்திரை மதியத்துக்கும் இரவுக்கும் நிச்சயம் உதவும். ஆனால் அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதே திசையில் தள்ளும்படி மாட்டுங்கள். எதிர்த்துத் தள்ளினால் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். பன்றியின் முதுகு மட்டத்தில் நொடிக்கு 1 முதல் 2 மீட்டர் வேகம் கிடைத்தால் போதும், உயரத்தில் மாட்டினாலும் முகத்தைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். தெளிப்பானும் விசிறியும் சேர்ந்து ஓடினால்தான் முழுப் பலன். எப்போது போடுவது என்பதற்கு வெப்பமானியைவிட மூச்சு நல்ல அடையாளம். அமைதியாகப் படுத்திருக்கும் பெரிய பன்றியின் விலாவைப் பார்த்து எண்ணுங்கள், நிமிடத்துக்கு 40 தாண்டினால் போட்டுவிடுங்கள். மின்சாரம் போகும் ஊராக இருந்தால், விசிறியை நம்பிப் பக்கத் திறப்பை அடைத்த கொட்டகை ஒரு மணி நேரத்தில் அடுப்பாகிவிடும், அதனால் திறப்புகளை அப்படியே வைத்திருங்கள். அளவும் இடமும் தீர்மானிக்கும் முன் தலைவாசலில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, நாமக்கல் கல்லூரியிலோ கொட்டகையின் நீளம், அகலம், உயரத்தோடு, நீங்கள் நாடா கட்டிக் குறித்த காற்றுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.